குடைத்துணியில் ஒரு கறுப்புக்கொடி

நானும் ஒரு புரட்சி செய்திருக்கிறேன். மொத்தம் அரை நிமிஷம் நடந்தது. அதற்குள் நானே அதைக் கவிழ்த்துவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை. தேவகோட்டைக்கு ஏழு மைல் தள்ளி எங்கள் ஊர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு சரி. மேலே படிக்கத் தேவகோட்டைக்குப் போகவேண்டும், பஸ் கிடையாது. "மூணே மாசத்துல பஸ் ஓடும்" என்று போன தேர்தலில் கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவர்தான் எங்கள் எம்.எல்.ஏ. நாலரை வருஷமாக ஆளையும் காணோம், பஸ்ஸையும் காணோம். டீக்கடையில் எல்லாரும் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கடைசியில், "எவன் வந்தா நமக்கென்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் என் தங்கை மீனாள் எட்டு முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அதே பழைய புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது இருபது வயது. காரைக்குடி ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. (உலகத்தைத் திருத்த அந்தப் படிப்பு போதும் என்று நினைப்பு.) அடுத்த தேர்தல் நெருங்கி, எம்.எல்.ஏ. வருகிறார் என்று தெரிந்ததும் கறுப்புக்கொடி காட்டப் பதினொரு பேரைச் சேர்த்தேன். கறுப்புத் துணிக்கு எங்கே போவது? அப்பச்சியின் பினாங்குக் குடையைக் கிழித்தேன். (எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்போம்.) கொடிக்கம்புக்கு ஒட்டடைக் கம்பு. "நான் என்ன சொல்றேனோ அதையே திருப்பிச் சொல்லுங்கடா, யோசிக்காதீங்க" என்று படைக்கு ஒத்திகையும் கொடுத்தேன்.

ஊர் எல்லையில் கார் வந்தது.

"திரும்பிப் போ!" என்றேன். "திரும்பிப் போ!" என்று பதினொரு தொண்டைகள். கார் நின்றது. மனிதர் இறங்கி, நேராக என் எதிரே வந்து கைகூப்பினார்.

இங்கேதான் கோளாறு. எங்கள் பக்கத்தில் ஒருவர் எதிரே வந்து நின்றால் 'வாங்க' கேட்டாக வேண்டும், அதாவது வாய்விட்டு 'வாங்க' என்று வரவேற்றாக வேண்டும். பேச்சு வந்த நாளிலிருந்து அடித்துப் பழக்கியது. கல்யாண வீட்டில் ஒருத்தரை 'வாங்க' கேட்க மறந்து, பத்து வருஷம் முகம் பார்க்காத பங்காளிகள் உண்டு. என் கை தானாகக் குவிந்தது, கொடியோடு.

"வாங்க! வாங்க!" என்றேன்.

"வாங்க! வாங்க!" என்று படையும் முழங்கியது. பாவிகள், ஒருத்தன்கூட யோசிக்கவில்லை.

"அடடா! இம்புட்டுப் பேரு எனக்காகவா காத்துக்கிட்டு இருக்கீக!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கொடியை நிமிர்ந்து பார்த்தார். "இது என்ன தம்பி?"

"வெயிலா இருக்குல்லங்க, நிழலுக்கு..." வாய் பாட்டுக்கு உளறியது. "வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போகலாம்."

அப்புறமென்ன, கறுப்புக்கொடியை அவர் தலைக்கு மேலே பிடித்தபடி எங்கள் வீடு வரை நடந்தேன். உயிரை விட்டுவிடலாம் போலிருந்தது.

வாசலில் அப்பச்சி முறையாக அவரை 'வாங்க' கேட்டார். பிறகு மேலே பார்த்தார். "டேய், அது என் குடையில்லே?"

மீனாள்தான் காப்பி கொண்டுவந்தாள். "என்ன ஆத்தா படிக்கிறே?" என்றார் எம்.எல்.ஏ.

"எட்டு முடிச்சிட்டேங்க. மூணு மாசத்துல பஸ் வரும்னு சொன்னீகள்ல, அது வந்ததும் ஒன்பது படிப்பேன்."

அவருக்குப் புரையேறியது. "அடுத்த மாசம் வந்துரும் ஆத்தா."

"அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க." நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். நீட்டிய நோட்டை இறக்கவில்லை.

டீக்கடை ஆட்கள் எல்லாரும் கூடவே வந்து முற்றத்தில் நின்றிருந்தார்கள். "பிள்ளை கேக்குறது நியாயந்தானே!" என்று ஒரு குரல் வந்தது. "எழுதுங்க!" என்று இன்னும் நாலு. மனிதர் கலெக்டருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதை எடுத்துக்கொண்டு அப்பச்சி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார், குடையில்லாமல், என்னைத் திட்டிக்கொண்டே.

ஜூன் மாதம் பஸ் வந்தது. மீனாளும் இன்னும் நாலு பெண் பிள்ளைகளும் ஏறினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. (எம்.எல்.ஏ. தேர்தலில் தோற்றுப்போனார், அது வேறு.)

மீனாள் தலைமையாசிரியையாகி ஓய்வும் பெற்றாயிற்று. இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் நான் வாசலில் நின்று எல்லாரையும் 'வாங்க, வாங்க' என்பேன். உடனே எனக்குப் பின்னாலிருந்து, ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கி ஆண்ட குரல் கிளம்பும்: "திரும்பிப் போ!"

புது ஆட்கள் வெலவெலத்து நிற்பார்கள்.

"காப்பி சாப்பிட்டுட்டு" என்பாள்.