சாபிரின் சட்டையில் இருந்த ஜின்

வியாழக்கிழமை மதியம் ஆனால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் எல்லோரும் வாயால்தான் மூச்சு விடுவோம். விமானப் பயிற்சிப் பள்ளியின் பிள்ளைகள் ஆளுக்கொரு அழுக்குச் சட்டையோடு வரிசையில் நிற்கும் நாள் அது. துவைத்த சட்டை செல்லாது. விமானத்தைத் தரையிறக்கும்போது பயத்தில் வியர்த்த சட்டை, வியர்த்தபடியே வர வேண்டும். ஷேக் அபூ கைஸின் உத்தரவு. பக்கத்து ஃபலாஃபில் கடைக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கே போய்விட்டார்.

ஷேக் அபூ கைஸ் சட்டையை முகர்ந்தே ஆளின் தலையெழுத்தைப் படிக்கிற மகான். யார் கண் பட்டது, எந்த ஜின் எந்த இறக்கையில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் அவர் மூக்குக்குத் தெரியும். மகான் ஆவதற்கு முன்னால் அதே இடத்தில் சலவைக்கடை வைத்திருந்தார். ஊரார் சட்டைகளைத் தொலைத்துத் தொலைத்துத் தொழில் படுத்துவிட்டது. அப்போதுதான் ஞானம் பிறந்தது. சட்டையைத் துவைத்துக் கொடுத்தால் சில்லறை. துவைக்காமல் திருப்பிக் கொடுத்தால் நோட்டு.

வரிசையில் நின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகச் சுவரோரம் ஒளிந்து நின்றவர் பள்ளியின் வானிலை ஆசிரியர். மேகம் எப்படி உண்டாகிறது என்று காலையில் பாடம் நடத்துவார். தன் பதவி உயர்வை எந்த ஜின் மறைக்கிறது என்று கேட்க மதியம் வருவார்.

விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு ஒரு கட்டம் வரும். ஏற்றத் தெரியும், திருப்பத் தெரியும், இறக்க மட்டும் வராது. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் தவளை மாதிரி எகிறும். போன வாரம் வந்தது கூட இந்த வாரம் மறந்து போகும். இது எல்லோருக்கும் வரும். விடாமல் பழகினால் எல்லோரையும் விட்டுப் போகும். பயிற்சியாளர்கள் இதைத் தேக்கம் என்பார்கள். ஷேக் இதற்கு வைத்த பெயர் ஓடுபாதை ஜின். தேக்கத்துக்கு மருந்து பயிற்சி. ஜின்னுக்கு மருந்து தினார்.

ரனீமின் விமானம் தவளைக்கும் மேலாக எகிறியது. அவள் சட்டையோடு போய் நின்றாள். ஷேக் முகர்ந்தார். கண் செருகியது.

"மகளே... ஊறுகாய் வாசம் அடிக்குது."

ரனீமின் பயமே அதுதான். இர்பித் நகரில் அவளுடைய பெரியப்பாவுக்கு ஊறுகாய்க் கடை. விமானம் ஓட்ட வராவிட்டால் கடைக்கு வந்துவிடு என்று அவள் பெயரைப் பூத்தையல் போட்டு ஏப்ரன் ஒன்றைத் தைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"பயப்படாத. இந்த நீல மணியை விமானத்துக்குள்ள உன் மூக்குக்கு நேரா கட்டு. எறங்கும்போது மணியை மட்டும் பாரு. வேற எங்கயும் பாக்காத. ஜின்னு கண்ணுல கண்ணு பட்டுடும்."

பார்த்தாள். செவ்வாய்க்கிழமை இறக்கும்போது மணியை மட்டும் பார்த்தாள். விமானம் எகிறிய எகிறலில் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கேப்டன் கஸ்ஸானின் தொப்பி பின்னிருக்கைக்குப் போனது.

"எங்கம்மா பாக்குற? ஓடுபாதையோட அந்தக் கோடிய பாருன்னு தொண்ட கிழியக் கத்துறேன்ல? ஞாயித்துக்கிழமைதான் உனக்குக் கடைசி. அன்னைக்கும் எறக்கலேன்னா பெட்டியக் கட்டிக்கோ."

ரனீம் அறைக்குப் போய் அழுதாள். அறைத்தோழி ஜுமானா மனாகீஷ் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"சரிடி, ஊறுகாய் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஜின் சொல்லிருக்கும்."

"ஜின்னுக்கு இர்பித்ல என்னடி வேலை? நீ யார்கிட்ட சொன்ன?"

"உன்கிட்ட மட்டும்தான். பஸ்ல வரும்போது."

ஜுமானா மெல்லுவதை நிறுத்தினாள். "பஸ் ஓட்டுறது யாரு?"

"ஃபவ்வாஸ் மாமா."

"அவர் யாரோட மச்சான்?"

ஃபவ்வாஸ் ஷேக்கின் மச்சான் என்பது ஊருக்கே தெரியும். பிள்ளைகள் பள்ளி பஸ்ஸில்தான் புலம்புவார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

"ஐயோ, சோதிச்சுப் பாக்காதடி," என்றாள் ரனீம். "நமக்கு ஏதாவது ஆயிடும்."

"ஆனா என்ன? நீதான் ஊறுகாய் போடப் போறியே. அதைவிட என்ன ஆகணும்?"

ஓடுபாதையின் கோடியில், வேலிக்கு அப்பால் வாற்கோதுமை வயல். அதில் பறவை விரட்ட ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. சாக்குத் தலை, வைக்கோல் வயிறு, விரித்த கை. யாரோ ஒரு மாணவன் கழற்றிப் போட்ட பழைய விமானிச் சட்டையை மாட்டியிருந்தார்கள். தோழிகள் இருவரும் அதற்கு வைத்த பெயர் சாபிர். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஜுமானா சாபிரின் சட்டையைக் கழற்றினாள். அவன் மறுக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் சத்தமாகப் பேசினாள்.

"பாவம்டி நம்ம சாபிர். எவ்வளவு நாளா அதே எடத்துல நிக்கிறான்!"

"யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறான்," என்றாள் ரனீம், சிரிப்பை இருமலாக்கி.

"கைய விரிச்சுக்கிட்டு நின்னாப் போதும், பறந்துடலாம்னு நெனப்பு. பறவையக் கண்டாலே ஆகாது."

கண்ணாடியில் ஃபவ்வாஸின் கண்கள் தெரிந்தன. "யாரும்மா அந்தப் பையன்? என் பஸ்ல ஏறினதில்லையே?"

"அவன் அங்கேயே தங்கிட்டான் மாமா."

ஜுமானா எதிலும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வியாழக்கிழமை சட்டை ஷேக்கின் கைக்குப் போனது. அவர் அதில் முகம் புதைத்தார். வைக்கோல் தூசி ஏறி அடுக்கடுக்காகத் தும்மினார்.

"வெளிய வருது! ஜின்னு வெளிய வருது!" என்று கூட்டம் சிலிர்த்தது.

"இந்தப் பையன் பேரு... ச... சாபிர்!"

"யா அல்லாஹ்!" என்றாள் உம்மு லைத். மகன் லைத்தை விமானியாக்கியது ஷேக்தான் என்று வாராவாரம் வந்து சாட்சி சொல்லும் அம்மாள்.

"பேசாத பையன். நின்ன எடத்துல நிக்கிறான். ஒரு பறவையோட சாபம் இவனப் புடிச்சிருக்கு."

"சாப்பிடுறானா ஷேக்?" என்றாள் ஜுமானா பணிவாக.

"சோறே எறங்கல. இவன் அம்மா ராத்திரியெல்லாம் அழுவுறா."

"அம்மாவுமா!"

"சித்தி மகளைக் கட்டமாட்டேன்னுட்டான். அவ கண்ணு பட்டுதான் இவ்வளவும்."

உம்மு லைத் தொடையில் அறைந்துகொண்டாள். "அந்தச் சிறுக்கி நல்லா இருப்பாளா! அவ கண்ணு அவிஞ்சு போக!"

"கவலைப்படாத மகளே. பெரிய மணியாக் கட்டினா இந்த மாசத்துக்குள்ள தனியாப் பறந்துடுவான்."

"ஆள் வாசல்லதான் நிக்கிறான் ஷேக். தலையில கை வச்சு ஓதி விடுறீங்களா?"

"கூட்டிட்டு வா."

ரனீம் சாபிரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வெற்றுடம்போடு, கையை விரித்து, ஷேக்குக்கு நேராக நின்றான் சாபிர்.

"மெதுவா கை வைங்க ஷேக்," என்றாள் ஜுமானா. "வைக்கோல் கொட்டும்."

ஷேக் ஓரடி பின்வாங்கினார். "இ... இதுக்குள்ளயும் ஜின்னு இருக்கு!"

"இருக்கட்டும். அம்மா எங்க அழுவுறா? வாற்கோதுமை வயல்லயா? சித்தி மக யாரு, வெளக்குமாறா?"

முதலில் சிரித்தவர் வானிலை ஆசிரியர். சிரிப்பில் கறுப்புக் கண்ணாடி கீழே விழ, மாணவர்கள் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். அவர் சிரிப்பு நின்றது.

"சாபிர்ங்கிற பேரை நாங்க ஊருக்குள்ள ஒரே எடத்துலதான் சொன்னோம்," என்றாள் ரனீம். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஃபவ்வாஸ் மாமா பஸ்ல. என் ஊறுகாயும் அங்க சொன்னதுதான்."

எல்லோரும் தெருவில் நின்ற பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் தானாகவே கிளம்பிப் போயிற்று.

"அட நாசமாப் போறவனே!" உம்மு லைத் செருப்பைக் கழற்றினாள். "பொறக்காத பொண்ணைப் போய்ச் சபிக்க வச்சுட்டியே!"

ஷேக் பின்வாசல் வழியாகப் பாய்ந்தார். கதவில் இருந்த ஆணி அவர் அங்கியின் முதுகுத் துணியைப் பிடித்துக்கொண்டது. அவர் நிற்கவில்லை. துணி மட்டும் நின்றது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கடை நிறையச் சட்டைகள், எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. எது யாருடையது என்று தெரிய ஒரே வழி முகர்ந்து பார்ப்பது. ஒருத்தரும் முன்வரவில்லை.

"ஆனாலும் என் லைத் மணி கட்டின மறுவாரமே பறந்தானே?" என்றாள் உம்மு லைத், செருப்பைப் போட்டுக்கொண்டே.

"லைத் நடக்கப் பழகும்போது விழுந்தானா அத்தை?" என்றாள் ஜுமானா.

"விழாம? மூஞ்சியெல்லாம் காயம்."

"அப்ப யாரு அவன் சட்டைய மோந்து பாத்தது?"

அம்மாள் யோசிப்பது போல் இருந்தது. பழக்கமில்லாததால் முகம் கொஞ்சம் வலித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரனீம் மணியை அறுத்துப் போட்டுவிட்டு ஏறினாள். முதல் இறக்கத்தில் எகிறியது. "அந்தக் கோடி! அந்தக் கோடிய பாரு!" என்று கத்தினார் கஸ்ஸான். அந்தக் கோடியில் என்ன இருக்கிறது? தன் இடத்துக்குத் திரும்பியிருந்த சாபிர், கையை விரித்துக்கொண்டு நின்றான். ரனீம் அவனையே பார்த்தாள். அடுத்த இறக்கம் சிறு குலுக்கல். அதற்கடுத்ததில் சக்கரம் தொட்டதே தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் செய்து காட்டினாள். கஸ்ஸான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்து இறங்கினார்.

"எங்க கேப்டன் போறீங்க?"

"நான் எதுக்கு? நீயே போயிட்டு வா."

தனியாகப் பறந்து இறங்கியவரின் சட்டை முதுகைக் கத்தரித்துப் பெயரெழுதிச் சுவரில் மாட்டுவது பள்ளி வழக்கம். ரனீமின் துணி அன்று சுவருக்குப் போனது. அதன் பக்கத்தில் ஆணியில் கிழிந்த இன்னொரு துணி. கீழே ஜுமானாவின் கையெழுத்து: 'ஷேக் அபூ கைஸ். துணையில்லாமல் முதல் முறை பறந்தார். இன்னும் இறங்கவில்லை.' பெரியப்பாவின் ஏப்ரனை இப்போது பெரியப்பாவே கட்டிக்கொள்கிறார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை வயல் பக்கம் போனால், வேலியோரம் அதே வாசனை. ஆளுக்கொரு அழுக்குச் சட்டையோடு நீளமாக ஒரு வரிசை. முன்னால் உம்மு லைத், சாபிரின் கழுத்தில் நீல மணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"இவனைப் பாத்ததும்தானே அந்தப் பொண்ணுக்கு விமானம் எறங்குச்சு!" என்றாள் பயபக்தியோடு.

சாபிர் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலைக்குள் இருப்பது வைக்கோல், அதனால் யோசிக்கவில்லை. வரிசையில் நிற்பவர்களே, நீங்கள் என்ன காரணம் சொல்லப் போகிறீர்கள்?