சல்லடையில் தப்பிய வண்டு

"அசையாதே! கதவைச் சாத்து!"

"அசையாம எப்படிங்க கதவைச் சாத்துறது?" என்றாள் மனைவி. வெளிநாட்டிலிருக்கும் மகன் வீட்டில் தங்கிவிட்டு அன்றுதான் வந்து இறங்கியிருந்தாள். திறந்த பெட்டியில், மடித்த கம்பளிச் சட்டைமேல், கொழுகொழுவென்று ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது.

பயணிகளின் பெட்டிகளில் பூச்சி, விதை ஏதும் ஒளிந்து வராமல் தடுக்கும் விமான நிலைய அதிகாரி அவள் கணவர். எல்லாவற்றையும் சலித்துப் பார்ப்பதால் 'சல்லடை' என்று பட்டப்பெயர். அப்படிப்பட்டவர் மனைவியின் பெட்டியை மட்டும் திறக்காமலே அனுப்பியிருந்தார்.

"வெளிநாட்டு வண்டு! ஊர் மரத்தையெல்லாம் தின்னு தீர்த்துடும். வெளிய தெரிஞ்சா என் வேலை காலி!"

"என் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே?"

"திறந்துட்டு நான் இந்த வீட்டுக்குத் திரும்ப முடியுமா?"

"போன வருஷம் நீங்க அங்க போனப்போ உங்க பெட்டியை யாரு பார்த்தா?"

"அதிகாரி பெட்டியை எவன்டி பார்ப்பான்?"

அவள் குளிக்கப் போனதும் வண்டை ஜாம் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணசந்துவிட்டார். விழித்தபோது பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பனி படிஞ்ச காலி பாட்டிலை யாராவது ஃப்ரிட்ஜில வைப்பாங்களா? ஜன்னல்ல உதறிட்டுக் கழுவிட்டேன்."

சல்லடை ஜன்னலுக்குப் பாய்ந்தார். மேலே எட்டிப் பார்த்தார். குளிர் விட்டுப் பறந்த வண்டு மாடி வீட்டு ரோஜாத் தொட்டியில் சொகுசாக இறங்கிக்கொண்டிருந்தது. மாடி வீட்டில் குடியிருப்பவர் அவருடைய மேலதிகாரி அம்மாள்.

மூச்சிரைக்க ஓடினார். "மேடம், உங்க ரோஜா வாடியிருக்கு. ஒரு வாரம் நான் பார்த்துக்கவா?"

அம்மாள் உருகிப்போனார். "ஆபீஸ்ல ஒருத்தராவது இப்படிக் கேட்டிருப்பாங்களா? இந்தாங்க, மத்த தொட்டியையும் எடுத்துட்டுப் போங்க!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தொட்டிகளை மார்போடு அணைத்துப் படியிறங்கும்போது வண்டு சட்டைக்குள் புகுந்தது. ஒரு தொட்டி போனது. இன்னொன்றும் போனது. அவர் போட்ட ஆட்டத்தைப் பார்க்க மேலிருந்து அம்மாளும் கீழிருந்து மனைவியும் ஓடிவந்தார்கள். வண்டு வெளியே வந்து, நேராக அம்மாளின் மூக்குக்கண்ணாடியில் உட்கார்ந்தது.

அம்மாள் அதைப் பிடித்து உற்றுப் பார்த்தார். "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

இனி மறைத்துப் பயனில்லை. "என் சம்சாரம் பெட்டியிலேர்ந்து, மேடம். நான்தான் சோதிக்காம விட்டேன்." இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயர் போயிற்றே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்நேரம் பார்த்து மனைவியின் செல்போனில் மருமகள் வீடியோவில் வந்தாள்.

"பெட்டியில உங்க ஊரு வண்டு வந்துடுச்சும்மா. மாமாவுக்கு வேலையே போகப் போகுது!" என்று மனைவி போனை வண்டின் பக்கம் திருப்பினாள்.

மருமகள் சிரித்தாள். "பயப்படாதீங்க மாமா, அது நம்ம ஊரு வண்டுதான்! போன வருஷம் உங்க பெட்டியிலேர்ந்து ரெண்டு பறந்துச்சே, அதுங்களோட பேரப்பிள்ளை. இங்க எங்க தெருவுல ஒரு மரம் பாக்கியில்ல, யாரு கொண்டாந்தாங்கன்னு அரசாங்கமே தேடிட்டிருக்கு!"