கோழைக் கூண்டு

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஆர்வில் டன்ஹாமுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்துவிட்டன. இந்தப் படத்தைக் கடைசிவரை பார்க்கும் தைரியம் தனக்கு இல்லை. நடுவில் எழுந்து போகும் தைரியம் அதைவிட இல்லை.

திரையில் ஒரு தோட்டக்காரன் ரோஜாச் செடிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, அவனிடமிருந்து மண்வெட்டியை நிதானமாக வாங்கிக்கொண்டது. ஆர்வில் தொப்பியை மூக்குவரை இறக்கினார். அந்த மண்வெட்டி அவருடைய இரும்புக் கடையில் விற்கும் ரகம்தான். அதனால் பயம் குறையவில்லை. நாளைக் காலையில் கடையை எப்படித் திறப்பது என்ற கவலைதான் கூடியது.

அவர் இங்கே இருக்கவே கூடாது. ‘எலும்புத் தோட்டக்காரன்’ படம் கார்வர் ஜங்ஷனுக்கு வந்து இது மூன்றாவது வாரம். போன ஞாயிறு ஆராதனையில் சபையார் எல்லாரும் எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, இந்தப் படம் ஓடும்வரை பேலஸ் தியேட்டர் வாசலை மிதிப்பதில்லை என்று உறுதி எடுத்திருந்தார்கள். உறுதிமொழியை வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தவர் சபை மூப்பர் ஆர்வில். பக்கத்தில் போதகர் ஹாலக் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியான மனிதர். இரண்டு வாரமாக அவருக்கு இடுப்புப் பிடிப்பு.

“நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்காக முழங்கால்ல நின்னு ஜெபிச்சு ஜெபிச்சு வந்த வலி” என்று ஆர்விலின் மனைவி வெல்டா எல்லாரிடமும் சொன்னாள். போதகர் அதை மறுக்கவில்லை. வெல்டா தன் கையால் காய்ச்சிய கற்பூரத் தைலத்தைப் புட்டியில் ஊற்றி, மூடியில் நீலத் துணி கட்டி அவருக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஆர்வில் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தியேட்டர் முதலாளி காஸ்பர் அவர் கடையில் கம்பி, கப்பி, கோழி வலை, மஞ்சள் சாயம், இருட்டில் ஒளிரும் சாயம் என்று வாங்கிப் போயிருந்தார். எதற்கு என்று ஆர்வில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விற்றிருக்க முடியாது. கப்பி சரியாக ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது வியாபாரியின் கடமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெல்டாவிடம் சொன்னது வேறு: கடையின் பின்கட்டில் சரக்கு சரிபார்க்கிறார்.

திரையில் இப்போது கை மட்டுமல்ல, கைக்குச் சொந்தக்காரனும் வெளியே வந்தான். ஆர்வில் எழுந்துவிட்டார்.

பின்பக்கத் திரைச்சீலையை விலக்கி முகப்புக் கூடத்தைப் பார்த்தார். கோழி வலை எதற்கு என்று அப்போது தெரிந்தது. கூடத்தின் நடுவில், அவர் உள்ளே வரும்போது இல்லாத, மஞ்சள் சாயம் அடித்த ஒரு கூண்டு. மேலே ‘கோழைக் கூண்டு’ என்று பலகை. படம் முடியுமுன் வெளியேறுகிறவர் அதற்குள் உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்ட பிறகுதான் போகலாம். நாடி பார்க்க, நர்ஸ் தொப்பி வைத்த ஒரு பெண். ரொட்டிக் கடையில் வேலை செய்யும் லோயிஸ்.

பால் வண்டி ஓட்டும் ஓர் ஆஜானுபாகு அப்போதுதான் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். ஒலிபெருக்கியில் கோழி கொக்கரித்தது.

“எனக்கு பயமெல்லாம் இல்ல. பசி” என்றான் அவன்.

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கையை நீட்டு.”

“நாடி அங்கேயா இருக்கு?”

“எங்க இருந்தா உனக்கென்ன? பயந்தவன் நீதானே.”

அதுகூடப் பரவாயில்லை. கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதையில், அவர் நுழைந்த பிறகு எதிர்ப்புப் பலகைகளோடு சபைப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். முன்னால் வெல்டா. ஒரு கையில் பலகை, மறு கையில் போதகரின் சட்டைக் கை. எதையோ மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். போதகர் எதிரே இருந்த வங்கிக் கடிகாரத்தைப் பார்ப்பதும் கையை உருவப் பார்ப்பதுமாக இருந்தார். தினமும் இந்த நேரத்தில் அவர் தனியாக ஜெபிக்கப் போவார் என்பது ஊருக்கே தெரியும். ஜெபத்துக்குத் தவிக்கும் அந்த முகத்தைப் பார்க்க ஆர்விலுக்குக் கூசியது.

திரும்பி, சுவரோரமாக நடந்து, திரைக்குப் பக்கத்திலிருந்த கதவைத் தள்ளினார். திரைக்குப் பின்னால் இருட்டு. தடவிப் போனதில் சந்துக் கதவு கிடைத்தது. அதில் ஒரு பூட்டு. தொட்டதுமே அடையாளம் தெரிந்தது. ஆணி வைத்தாலும் திறக்காது என்று அவரே உத்தரவாதம் கொடுத்து விற்ற பூட்டு.

யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டது. சுவர் ஆணியில் ஒரு கறுப்பு அங்கியும் மண்டையோட்டு முகமூடியும் தொங்கின. அங்கி முழுக்க எலும்புகள் பச்சையாக ஒளிர்ந்தன. ஆர்வில் இரண்டையும் மாட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

“அப்பாடா, வந்துட்டீங்களா” என்றது காஸ்பரின் குரல். “இன்னைக்குக் கவுத்துடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன். திரும்புங்க.”

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்வில் திரும்பினார். அங்கியின் முதுகில் தைத்திருந்த தோல்வாரில் ஒரு கொக்கி மாட்டியது. காஸ்பர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

“என்ன இன்னைக்கு இவ்வளவு கனம்? மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

பதில் வருமுன் ஆர்விலின் கால்கள் தரையை விட்டிருந்தன.

திரைக்கு மேலாக அவர் அரங்குக்குள் பறந்தபோது கீழே நானூறு தொண்டைகள் அலறின. அவற்றைவிட உரக்க அலறியவர் ஆர்வில்தான். அரங்கின் நடுவுக்கு வந்ததும் கப்பி ஒருமுறை முனகிவிட்டு நின்றது. எதற்கு என்று கேட்காமல் அவர் விற்ற கப்பி அது. துணி உலர்த்தும் கொடிக்கு மாட்டுவது. ஈரப் போர்வையைத் தாங்கும். மூப்பரைத் தாங்காது.

முதலில் கைதட்டினார்கள். அவர் நகராததைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சோளப்பொரி பறந்து வந்தது. கால் உதறியதில் ஒரு சப்பாத்து கழன்று யார் மடியிலோ விழுந்தது.

“ஏய், எலும்புக்கூட்டுக்குத் தொப்பை இருக்குடா” என்றான் ஒருவன்.

விளக்குகள் எரிந்தன. காஸ்பர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

“அசையாதீங்க. ஏணிக்கு ஆள் அனுப்பறேன். டன்ஹாம் கடையில பெரிய ஏணி இருக்கு.”

ஆர்வில் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அவசரப்படுத்துகிறார் என்று நினைத்து காஸ்பர் வாசலுக்கே ஓடினார். கதவு திறந்திருந்ததால் பேச்சு உள்ளே கேட்டது.

“மிஸஸ் டன்ஹாம், உங்க கடை ஏணி வேணும். உள்ள ஒரு ஆள் தொங்கறார்.”

“தொங்கட்டும். இந்தப் பொழப்புக்கு வந்தவன்தானே.”

“அவர் விழுந்தா கீழ இருக்கற பிள்ளைங்க மேல விழுவார்மா.”

ஆர்வில் தொங்கியபடி, விழுந்துவிடுவதே நல்லதோ என்று யோசித்தார். பிறகு ஏணியின் முன்முனை அரங்குக்குள் வந்தது. அதைப் பால் வண்டிக்காரன் தூக்கி வந்தான். பின்முனையில் வெல்டா.

“கடையில இருக்கேன்னு சொன்ன மனுஷன் அங்க இல்ல. என் வாக்கை நானே மீற வேண்டியதாப் போச்சு” என்று அவள் பொதுவாக அரங்கத்துக்கே சொன்னாள்.

ஏணியை நிறுத்தி அவளே கீழே பிடித்துக்கொண்டாள். பால் வண்டிக்காரன் மேலே ஏறிக் கொக்கியைக் கழற்றினான். ஆர்வில் படிப்படியாக இறங்கினார். சப்பாத்து இல்லாத கால் வெல்டாவின் முகத்துக்கு நேரே வந்தது. சாம்பல் நிறக் காலுறை. கட்டைவிரல் கிழிந்த இடத்தில் பச்சை நூல் தையல். சாம்பல் நூல் தீர்ந்துபோய், யார் பார்க்கப் போகிறார்கள் என்று போன வாரம் அவள் போட்ட தையல்.

ஏணி ஒருமுறை ஆடி நின்றது.

“ஆர்வில்” என்றாள், உதடு அசையாமல்.

“வெல்டா, நான் கப்பியைப் பார்க்கத்தான்...”

“வாயைத் திறந்தா ஏணியை எடுத்துடுவேன். முகமூடியைக் கழட்டாதே. செத்தாலும் கழட்டாதே.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்ட, அவள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். காஸ்பர் கப்பியைப் பார்க்க ஓடிவிட்டார். அங்கிருந்த பெட்டி ஒன்றின் மேல் ஆர்வில் உட்கார்ந்தார். பயம் எப்போதோ போயிருந்தது.

“நம்ம பொண்ணு முன்னால கையைத் தூக்கினே. சபை மொத்தமும் நீ சொல்லச் சொல்லச் சொன்னாங்க” என்றாள் வெல்டா. “என்னை விடு. நமக்காக முழங்கால் தேய ஜெபிக்கிற அந்த மனுஷன் முகத்துல இனி எப்படி முழிப்பே?”

“வர்ற ஞாயிறு ஆராதனையில எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு ஒத்துக்கறேன்” என்றார் ஆர்வில் மண்டையோட்டுக்குள்ளிருந்து. “மூப்பர் பதவியும் வேண்டாம். முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லு. இப்பவே சொல்லு. பாவம், காஸ்பரைப் பார்க்கவே பிடிக்காம வெளிய பலகைக்குப் பின்னால ஒதுங்கி நிக்கிறார்.”

அவர் எழுவதற்குள் திரை ஓரத்தை விலக்கிக்கொண்டு லோயிஸ் உள்ளே வந்தாள். இருட்டில் பச்சையாக ஒளிர்ந்த எலும்புகள்தான் அவள் கண்ணில் முதலில் பட்டன. அவள் கையில் ஒரு புட்டி. மூடியில் நீலத் துணி.

“திரும்பி நில்லுங்க, போதகரே” என்றாள் அவள். “வழக்கம்போல இடுப்புல தேச்சு விட்டுடறேன்.”