பேத்தியின் பஸ்ஸை நான் திருத்திய கதை

பஸ் ஓட்டத் தெரிந்தவனுக்கு அதைத் திருத்தவும் தெரியும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒன்று, என் ஐந்து வயதுப் பேத்தி ஹர்ஷி. இன்னொன்று, நான்.

என் வாலிபம் முழுவதும் பதுளைக்கும் மடுல்சீமைக்கும் இடையில் பஸ் ஓட்டியே போனது. வழியில் பஸ் நின்றுவிட்டால் நான் இறங்கி, பொனெட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே கோபமாகப் பார்ப்பேன். பிறகு மெக்கானிக்கைக் கூட்டிவர ஆள் அனுப்புவேன். அந்தக் கொஞ்ச நேரம் பயணிகள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். அந்த மரியாதையை நானும் உண்மை என்று நம்பிவிட்டேன்.

கட்டார் நாட்டில் வேலை செய்யும் என் மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் மகளுக்கு ஒரு பேட்டரி பஸ் கொடுத்தனுப்பினான். சிவப்பு பஸ். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்து தானாக ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹர்ஷி அதை எங்கள் தோட்ட லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓடும் தண்ணீர்க் கானில் முக்கிக் கழுவியிருக்கிறாள். (அந்தக் காலத்தில் பஸ்ஸை ஆற்றில் இறக்கிக் கழுவிய கதையை அவளுக்குச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.) பஸ் நின்றுபோனது.

பிள்ளை அழவில்லை. பஸ்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, பஸ்ஸ பத்திரமா வச்சிருந்தாதான் அப்பா வருவாருன்னு அம்மா சொன்னாங்க. இனி வரமாட்டாருல்ல?"

பொம்மையைக் காப்பாற்ற மருமகள் சுகந்தி என்றைக்கோ சொன்ன பேச்சு அது. பிள்ளை அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மகன் வீடியோ கோல் எடுப்பான். எடுத்தால் பஸ்ஸை ஓட்டிக் காட்டச் சொல்வான்.

"தாத்தா இருக்கேன்ல. ஓட வச்சிருவோம்" என்றேன்.

"மாமா, டவுன்ல குடுத்துப் பாக்கலாமே" என்றாள் சுகந்தி.

"பெரிய பஸ்ஸையே பாத்தவன்மா நான்."

பார்த்தவன்தான். அதில் பொய்யில்லை.

பஸ்ஸின் கூரை மூடியைத் திறந்தேன். திறந்த வேகத்தில் மோட்டாரிலிருந்த இரண்டு வயர்களும் கையோடு வந்துவிட்டன. (அதுவரை அவை நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.) ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. எது எங்கே இருந்தது என்று யாராவது பார்த்து வைத்திருக்கலாம். அங்கே இருந்தது நான் மட்டும்தான். துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வெட்டி, மனதுக்குப் பட்ட இடத்தில் வயர்களை ஒட்டினேன். புதுப் பேட்டரி போட்டு, பஸ்ஸைக் கையில் தூக்கிப் பிடித்து பட்டனை அழுத்தினேன். சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. ஹர்ஷி கை தட்டினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று, மூடியைச் சுற்றி சூப்பர் குளூவை ஊற்றினேன். பஸ் ஒட்டியது. என் இரண்டு விரல்களும் பஸ்ஸோடு ஒட்டின. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சுகந்தி எடுத்து என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, கைய எடுத்தாதானே பஸ் ஓடும்?" என்றான் மகன்.

"எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனாடா?"

சுகந்தி சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து, என்னைப் பஸ்ஸிலிருந்து கழற்றினாள். பஸ்ஸின் கூரையில் என் தோல் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஹர்ஷி போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அதற்கு முன்னால், வாசலைப் பார்த்தபடி பஸ்ஸை நிறுத்தி பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. பஸ் வாசலுக்குப் போகவில்லை. கம்பீரமாகப் பின்னால் வந்து போனில் மோதி அதைக் கவிழ்த்தது. சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் நான் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறேன். முன்னால் போகிற சக்கரம் எது, பின்னால் போகிற சக்கரம் எது என்று பார்க்கத் தெரியாமல் இத்தனை காலம் நான் எப்படித்தான் ஆட்களை ஏற்றி இறக்கினேனோ.

எங்கள் தேயிலைத் தோட்ட ரோட்டில் வளைவுகளில் இரண்டு வாகனம் பிடிக்காது, ஒன்று பின்னால் போய்த்தான் வழிவிட வேண்டும். கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து மகனின் குரல் வந்தது. "என்னாப்பா, எதிர்ல கொழுந்து லொறி வருதா? எடம் விடுறீங்களா?"

சுகந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குளூ இறுகிவிட்டது, இனித் திறக்கவும் வழியில்லை. நான் வெட்கத்தோடு பேத்தியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸை மறுபடியும் ஓட விட்டு, உற்றுப் பார்த்துவிட்டு, போனை எடுத்தாள்.

"அப்பா, பஸ் ஒடையல. இது திரும்பி வர்ற பஸ். நீங்க வருவீங்கதானே?"

"வர்றேம்மா" என்றான் மகன்.

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யாராவது கிளம்பிப் போய், குடையை மறந்து திரும்பி வந்தால், "என்னா, தாத்தா பஸ்லயா ஏறுனீங்க?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

சித்திரைக்கு மகன் லீவில் வந்தான். திரும்பிப் போகிற அன்று, வேன் வந்து நின்ற பிறகு, ஹர்ஷி பஸ்ஸைக் கொண்டுவந்து அவன் பைக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாள்.

"பிளேன்ல போங்க. வரும்போது இதுல வாங்க."

எல்லோரும் சிரித்தோம், மகனைத் தவிர. அவன் பஸ்ஸை எடுத்து வெளியில் வைக்கவில்லை. இப்போது அது கட்டாரில் அவன் கட்டில் தலைமாட்டில் நிற்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் ஹர்ஷி போனில் கேட்கிறாள்:

"பஸ்ஸுக்குப் பேட்டரி மாத்துனீங்களா அப்பா?"