தையல் தெரியாத ஒட்டு

வெள்ளை ஒயரை இரண்டாக மடித்துக் கத்தரிக்கோலின் பிடியால் ஒரு அழுத்து அழுத்தியதும், மாடியில் பேசிக்கொண்டிருந்த மகளின் குரல் பாதியில் நின்றது.

"ஹலோ... கேக்குதா? ஹலோ..."

அந்தப் பக்கம் இருந்த தோழிக்குக் கேட்கவில்லை. கீழே தையல் கடையில், வெட்டுமேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்த மாஸ்டருக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. மடிப்பு பிரியாமல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கோட்டுத் துணிக் கட்டு ஒன்றை இழுத்து அதன்மேல் வைத்தார். வேலை சுத்தமாக இருந்தது.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. யாரையும் நம்பாதவர், அவ்வளவுதான். மழை வராது என்று செய்தியில் சொன்னால் குடையை எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளர் தன் வாயால் சொல்லும் இடுப்பளவை ஒருநாளும் நம்பியதில்லை. அந்த ஒன்றில் மட்டும் அவர் இதுவரை தோற்றதும் இல்லை.

போன வாரம்தான் இந்த ஒயர் வந்தது. இழுத்துக்கொண்டு வந்தவள் லைன் வேலை பார்க்கும் ஒரு பெண். கையும் ஓயாது, வாயும் ஓயாது. தெருவிலிருந்து கடைக்குள் கொண்டுவந்து, மேஜைக்கு அடியில் ஓட்டி, மாடியில் மோடத்தில் கொண்டுபோய்ச் செருகினாள்.

"இதுக்குள்ள கம்பியே இல்லையாமே?" என்று அன்றைக்கே மாஸ்டர் விசாரணையைத் தொடங்கினார்.

"கண்ணாடி இழை மாஸ்டர். தலைமுடி கனம். அதுக்குள்ள வெளிச்சம் ஓடும். நீங்க பேசுறது, பார்க்கிறது எல்லாம் அந்த வெளிச்சத்துலதான் போய் வரும்."

"கண்ணாடி எங்கயாவது வளையுமா?"

"இவ்வளவு மெல்லிசா இழுத்தா வளையும். வளைக்கலாம், மடிக்கத்தான் கூடாது. வெளிச்சம் உள்சுவத்துல தட்டித் தட்டிப் போகுது. கூர்மையா மடிச்சுட்டீங்கன்னா திரும்பத் தெரியாம வெளிய ஒழுகிப் போயிடும்."

"முன்ன இருந்த லைனுக்கு என்ன கேடு?"

"அது தெருமுனை வரைக்கும்தான் கண்ணாடி. அங்கேருந்து உங்க வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி. பட்டுச் சட்டைக்குச் சாக்குல கை வச்சுத் தச்ச மாதிரி. இப்ப கழுத்துலேருந்து மணிக்கட்டு வரைக்கும் முழுக்கப் பட்டு."

சொன்னது மாஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. அதைக் காட்டிக்கொண்டால் அவர் மாஸ்டர் இல்லையே.

"எதிர்க்க அச்சகத்துக்கு வேற மாதிரி போட்டிருக்கியே, என்ன கணக்கு?"

"அவங்க நாளெல்லாம் பெரிய பெரிய படமா அனுப்புறாங்க. கொஞ்சம் நின்னாலும் தொழில் நின்னுடும். அதனால அவங்களுக்குன்னு தனி இழை. வீடுகளுக்கு அப்படி இல்லை. ஒரு இழையில வர்ற வெளிச்சத்தைப் பிரிச்சுப் பல வீட்டுக்குக் கொடுப்போம்."

"அப்ப எனக்கு வர்றதைப் பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துக்குவான்."

"எப்படி எடுப்பான்? நீங்க ஒருத்தர் அளவுக்குத் தச்சதை இன்னொருத்தர் போட முடியுதா? அவங்கவங்க மோடம் அவங்கவங்க அளவுக்கு வந்ததை மட்டும்தான் எடுக்கும்."

பதில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்கான பதில் வந்தால் மாஸ்டருக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

ஆனால் இன்றைக்கு அவர் ஒயரை மடித்தது சந்தேகத்தால் இல்லை. பயத்தால்.

மகள் துணியே இல்லாமல் சட்டை வெட்டுகிறவள். கம்ப்யூட்டர் திரையில் கோடு போடுகிறாள், திரையிலேயே ஒரு பொம்மைக்கு மாட்டிப் பார்க்கிறாள், அக்குளில் இழுத்தால் அங்கேயே பிரித்து விடுகிறாள். எவ்வளவோ தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி அவள் வேலையைப் பார்த்து மயங்கிவிட்டதாம். இன்று மத்தியானம் அவர்கள் திரையில் வருகிறார்கள். அவளோ பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

சூட்கேஸைப் பார்த்த அன்று மாஸ்டர் ஒரு சட்டைக் காலரைக் கோணலாகத் தைத்தார். தொழிலுக்கு வந்த பிறகு அது முதல் கோணல். மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"முடிவானதும் அவளே சொல்லுவா," என்றாள் மனைவி. "முன்கூட்டியே சொன்னா, நீங்க ஊர்ல நாலு பேரைக் கேட்டுட்டு, ஆறு பேர் வேண்டாம்னு சொன்னதா வந்து நிப்பீங்க."

ஒரே பெண். சாயங்காலமானால் கீழே இறங்கி வந்து, "இவ்வளவு அகலக் கால் பேண்ட்டை இப்ப யாருப்பா போடுறா?" என்று வம்பிழுப்பாள். அந்தச் சண்டை இல்லாவிட்டால் கடையில் மிஷின் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

மாடிப்படியில் அவள் காலடி கேட்டது. மாஸ்டர் மேஜைக்கு அடியிலிருந்து அவசரமாக வெளியே வந்து சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்பா, லைன் போச்சு. மோடத்துல சிவப்பு விளக்கு எரியுது."

"கண்ணாடிதானே. உடைஞ்சிருக்கும். நான் அப்பவே சொன்னேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே கிடந்த துண்டுத் துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இன்னிக்குன்னு பார்த்தா இப்படி ஆகணும்? இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சுப்பா."

லைன்காரப் பெண்ணைக் கூப்பிட அவள் மேலே போனாள். திட்டியிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார். அந்த முகத்தை அவரால் தாங்க முடியவில்லை. இந்த முகத்தோடு பக்கத்தில் இருப்பதைவிடச் சிரித்த முகத்தோடு தூரத்தில் இருக்கட்டும், போகட்டும் என்று முடிவு செய்தார். மறுபடி மேஜைக்கு அடியில் நுழைந்தார்.

நூலை அறுத்து ஒயரை நிமிர்த்தினார். மடிப்பு போகவில்லை.

"ஏய், விளக்கு என்ன நிறம்?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டார்.

"சிவப்பு," என்றாள் மனைவி. "ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

மடிப்பு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் கிடைத்த பேண்ட்டை நாலாக மடித்துத் தரையில் விரித்தார். அதன்மேல் ஒயரை நீட்டி வைத்தார். இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். லைன்காரப் பெண் பட்டு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பட்டுக்கு வைக்கும் சூட்டை வைத்து, தண்ணீர் தெளித்து, பக்குவமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

மடிப்பு போய்விட்டது. ஒயரின் மேல்தோலும் இளகிப் பேண்ட்டோடு ஒட்டிக்கொண்டது.

"விளக்கு?"

"சிவப்புதான். என்னமோ கருகுற வாசனை வருதே."

"பக்கத்து வீடு."

பேண்ட்டிலிருந்து ஒயரைப் பிய்த்தார். பேண்ட் விடவில்லை. ஓங்கி இழுத்தார். ஒயர் இரண்டாகிக் கைக்கு ஒன்றாக வந்தது. அழைப்பு மணி ஒயரை முறுக்குவது போல இரண்டு முனையையும் சீவி முறுக்கிப் பார்த்தார். கண்ணாடி முறுக்கிக்கொள்ளவில்லை. விரலில்தான் ஏறியது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தார். ஊசியில் நூல் கோத்து, இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இறுக்கித் தைத்தார்.

"விளக்கு?"

"சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நீங்க கீழ என்னதான் பண்றீங்க?"

அதற்குள் வாசலில் சத்தம் கேட்டு, மாஸ்டர் எல்லாவற்றையும் கோட்டுத் துணிக் கட்டுக்கு அடியில் தள்ளினார். லைன்காரப் பெண் வந்துவிட்டாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே மாடிக்குப் போய், மோடத்திலிருந்து ஒயரைக் கழற்றி, பேனா மாதிரி ஒன்றை அதன் முனையில் செருகிவிட்டு இறங்கி வந்தாள். மனைவியும் மகளும் பின்னாலேயே வந்தார்கள்.

"சிவப்பு வெளிச்சம் விட்டிருக்கேன். இழை எங்க அறுந்திருக்கோ அங்க வந்து நின்னு காட்டிக்கொடுக்கும்."

கோட்டுத் துணிக் கட்டுக்கு அடியில் செக்கச்செவேல் என்று எரிந்தது. மனைவி கட்டை நகர்த்தினாள். கருகிய பேண்ட், ஒயர், தையல், நடுவில் அந்த வெளிச்சம்.

"எலி," என்றார் மாஸ்டர்.

"எலி கடிக்கும் மாஸ்டர். ரெட்டைத் தையல் போடுமா?"

மகள் குனிந்து தையலைப் பார்த்தாள். யார் கைத்தையல் என்று அவளுக்குத் தெரியாதா? அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீக்கிரம் சரி பண்ணும்மா," என்றார் மாஸ்டர் தரையைப் பார்த்து. "அவளுக்கு நேரமாகுது."

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சிறிய மிஷினை எடுத்து வெட்டுமேஜைமேல் வைத்தாள். கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறிந்தாள். இரண்டு இழைகளையும் துடைத்து, முனையை நேராக நறுக்கி, எதிரெதிரே படுக்க வைத்தாள். மிஷினின் திரையில் அவை இரண்டு தூண்கள் மாதிரி தெரிந்தன. தாமாகவே நகர்ந்து நேருக்கு நேர் வந்தன. நடுவில் சின்னதாக ஒரு பொறி. அடுத்த நொடி தூண் ஒன்றுதான் இருந்தது.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். ஒட்டைத் தேடினார். காணவில்லை. வாழ்நாளெல்லாம் உள்தையல் வெளியே தெரியக் கூடாது என்று பாடுபட்டவர் அவர். தையலே இல்லாத ஒட்டை இன்றுதான் பார்க்கிறார்.

"பெரிய வேலைக்காரிதான் நீ," என்றார். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னொருவரைப் புகழ்ந்து அவள் கேட்டதில்லை.

அந்தப் பெண் ஒட்டுக்கு உறை மாட்டிவிட்டு, மாடிக்குப் போய் ஒயரைச் செருகினாள். பச்சை விளக்கு வந்துவிட்டது என்று அவள் இறங்கி வந்து சொல்லி முடிப்பதற்குள் மகள் படியேறி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மாடியில் பல குரல்கள். அவ்வளவு தூரத்துக் குரல்கள், அடுத்த அறையில் உட்கார்ந்து பேசுவது போல. நடுவில் மகளின் சிரிப்பு.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் மடித்து மடித்து வைத்திருந்த துண்டுத் துணியை எடுத்துப் பிரித்தார்.

"நல்லாத்தான் ஓடுது உன் வெளிச்சம்," என்றார். "என் பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுக்கு இவ்வளவு வேகம் வேண்டியதில்லை."

பையை மூடிக்கொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பொண்ணே சொன்னாங்க மாஸ்டர், போன வாரமே அவங்களை வேலைக்கு எடுத்தாச்சு. இன்னிக்கு அந்தக் கம்பெனிக்காரங்க சோதிச்சுப் பார்க்கிறது இந்த லைனைத்தான். இது ஒழுங்கா ஓடுனா வீட்டுலேருந்தே வேலை. ஓடலைன்னாதான் உங்க பொண்ணு அந்த சூட்கேஸைத் தூக்கிட்டு அங்க போகணும்."