டிப்ரிஷியேட் புரோக்கர் வாயில் நான் விழுந்த கதை

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாங்கி விற்கும் டிப்ரிஷியேட் புரோக்கரின் வாயில் விழாத பொருள் எதுவும் கிடையாது. கடலே தப்பியதில்லை. "பாண்டிச்சேரி பக்கம் அலை பெருசு. நம்ம ஊருல டிப்ரிஷியேட் ஆயிடுச்சு" என்பார்.

அந்தச் சொல் அவருக்குக் கிடைத்தது அவருடைய ஓட்டை டெம்போவால். திண்டிவனத்து ஆடிட்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வாங்குன அன்னிலேர்ந்து இது டிப்ரிஷியேட் ஆகிட்டே இருக்குதுங்க" என்றிருக்கிறார். வருஷம் ஆக ஆக மதிப்புக் குறைவது என்று விளக்கியதோடு விட்டிருக்கலாம். லத்தீன் சொல், 'டி' என்றால் கீழே, 'பிரீஷியம்' என்றால் விலை என்று வேரையும் பிடுங்கிக் காட்டிவிட்டார். புரோக்கருக்குப் புல்லரித்துவிட்டது. "லத்தீனா? அந்தக் காலத்துப் பூசை பாஷையாச்சே" என்று நேரே மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார். அவரும் ஆமாம் என்று தலையாட்ட, ஊருக்கு வந்தது வினை.

அதுவரை "சரக்கு மட்டம்" என்று சொல்லி உப்பு விலையைக் குறைத்தவர், அன்றிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, செபம் சொல்வது போலக் கண்ணை மூடி, "பழுப்படிக்குது. ஈரம் வேற. டிப்ரிஷியேட்" என்பார். டீக்கடையில், "ஏம்பா, தூளு டிப்ரிஷியேட்டா?" என்று கேட்டபடியே இரண்டாவது டீயும் குடிப்பார். பங்குச் சாமியாரிடமே, "போன வாரத்துக்கு இந்த வாரம் பிரசங்கம் கொஞ்சம் டிப்ரிஷியேட்டுங்க ஃபாதர்" என்றிருக்கிறார். தலையாட்டியதற்காகச் சாமியார் ரொம்ப வருத்தப்பட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் பெண் கேட்டுப் போக வேண்டியிருந்தது. அவர் மகள் ஸ்டெல்லாவும் நானும் வானூரில் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று நான் இருந்தேன். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் கிடையாது என்று அவள் இருந்தாள்.

என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றி வந்தார். உப்புக் குவியலைப் பார்க்கிற அதே பார்வை.

"முன்னாடி முடி கொட்டிடுச்சா தம்பி?"

"கொஞ்சம்ங்க."

"தொந்தி?"

"அதுவும் கொஞ்சம்ங்க."

"கணக்கு வாத்தியாருன்றீங்க, குரலே எழும்ப மாட்டேங்குது. கடைசி பெஞ்சுக்குக் கேக்குமா?" பெருமூச்சு விட்டார். "ரொம்ப டிப்ரிஷியேட்டா இருக்கீங்களே தம்பி."

காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். விட்டால் போதும் என்று பஸ் ஸ்டாப்புக்கு வந்து ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாம் முடிஞ்சுது. உங்கப்பா என்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் கழிச்சுக் கட்டிட்டாரு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "லூசா நீ? வேணாங்கற உப்பைப் பாத்தா அப்பா 'அருமையான சரக்கு'ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவாரு. வாங்கப் போற உப்பைத்தான் நின்னு குறை சொல்லுவாரு. கோயில்ல நம்ம கல்யாணத்தை அறிவிச்சு ஓலை எப்ப வாசிக்கலாம்னு அம்மாகிட்ட கேட்டுட்டு, இப்பதான் உன்னைத் தேடி வர்றாரு."

போனை வைப்பதற்குள் ஒரு மொபெட் வந்து நின்றது. "பஸ்ஸு இப்போதைக்கு வராது, ஏறுங்க" என்றார் புரோக்கர். ஏறினேன். உப்பளத்தைத் தாண்டுவதற்குள் வண்டி திணறியது.

"வெயிட்டு ஜாஸ்தி மாப்ளே. இழுக்க மாட்டேங்குது."

மாப்ளே என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சந்தோஷத்தில் அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் மாமனார் வீட்டுக்குப் போனால், அவர் பின்னால் உட்கார்ந்து திட்டு வாங்குவதற்காகவே நான் பஸ்ஸைத் தவறவிடுகிறேன்.