ஏலக் காட்சியில் யாரும் மூக்கைத் துடைக்கவில்லை

ஹேசல் க்ரீக், அயோவா
பிப்ரவரி 1986

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ராஸ்கோ அவர்களுக்கு,

தாங்களும் வீட்டாரும் இந்தப் பனியில் வழுக்கி விழாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஏழாம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய்: "அழுகை வர்ற கதையை எதுக்கு டீச்சர் படிக்கணும்? வீட்ல இல்லாததா?" அன்று மணி அடித்துவிட்டது, நான் தப்பித்தேன். இப்போது ஐம்பது வருடப் பழைய படத்துக்கு விமர்சனம் எழுதச் சொல்லி மறுபடியும் மாட்டிவிட்டாய்.

படம் பஞ்ச காலத்துக் கதை. மழை இல்லை, சோளம் இல்லை, வங்கி பண்ணையை ஏலத்துக்கு விடுகிறது. நாய்கூடச் சோகமாகத்தான் வாலாட்டுகிறது. கொட்டகையில் எனக்கு முன்வரிசையில் டுவைன் கெஸ்லரும் அவர் மனைவி லொரீனும் இருந்தார்கள். அவர்களுடைய பண்ணைக்கு வருகிற சனிக்கிழமை ஏலம்.

திரையில் ஏலக்காரர் ஒரு கோவேறு கழுதையை நிறுத்திக் கூவத் தொடங்கினார். நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியுமே, ஏலத்தில் கையோ தலையோ அசைந்தாலே விலை கேட்டதாகக் கணக்கு, காதைச் சொறிந்தால் கன்றுக்குட்டி நம் தலையில் கட்டப்படும் என்று நடை பழகும்போதே கற்றவர்கள், அவ்வளவுதான், கொட்டகையே சிலையாகிவிட்டது, சோளப்பொரிக்குப் போன கை பாதியில் நின்றது, லொரீனுக்குக் கண்ணீர் தாடை வரை வழிந்தும் கையைத் தூக்கவில்லை, என் மூக்கின் நிலையை அச்சில் சொல்ல மாட்டேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்த ஆர்வில் தலை ஆடும்படி ஒரு தும்மல் போட்டார். அவர் மனைவி மர்ட்டில், "போச்சு, அந்தக் கோவேறு கழுதை இனி உன்னுதுதான். நீயே தீனி போட்டுக்கோ" என்றாள்.

முதலில் சிரித்தது டுவைன். அறுவடைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்ததும் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"சனிக்கிழமையும் இப்படியே கை அசைக்காம இருப்பீங்களா?"

எல்லோரும் அவசரமாகத் திரையைப் பார்த்தோம். திரையில் அக்கம்பக்கத்தார் தரையைப் பார்த்தபடியே ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள், ஒருவர் கலப்பைக்கு, ஒருவர் அடுப்புக்கு. கெட்டவர்கள் இல்லை. மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். நம் ஆர்வில்கூட டுவைனின் டிராக்டரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பவர்தான். படம் முடிந்ததும் கெஸ்லர் தம்பதியின் முகத்தைப் பார்க்காமல் ஆளுக்கொரு வாசலாக வெளியேறினோம்.

ஆகவே என் விமர்சனம்: தாங்க முடியாத படம். யாரும் போக வேண்டாம், வீட்டிலேயே இருந்து சூப் குடியுங்கள்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உன் அச்சு இயந்திரத்துக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
வெர்னா டோலஃப்சன்
ஓய்வுபெற்ற ஆசிரியை

பின்குறிப்பு: மேலே உள்ள விமர்சனத்தை அடித்துவிடு. வெள்ளிக்கிழமை இன்னொரு காட்சி இருக்கிறது, ஊரே போகட்டும். யாரும் விலை கேட்காவிட்டால் பண்ணை மிஞ்சுமா என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் பெரிய எழுத்தில் போடு: சனிக்கிழமை கெஸ்லர் வீட்டு ஏலத்துக்குப் போகிறவர்கள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.